மன்னாரில் சைக்கிள் மிதித்தால் என்னவெல்லாம் எதிர்ப்படும், தெரியுமா?

பிரான்சின் தென்கரையில் கமார்க் என்றொரு சதுப்பு நிலம். ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், இன்னொரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவில் உப்பளம், அதற்குள் பூநாரைக் கூட்டம்! அதைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அதே இனப் பூநாரை, அதே மாதிரி உப்பளம், அதே தட்டைக் கரை, ஆளைத் தள்ளும் காற்று எல்லாம் இலங்கையின் வடமேற்கு மூலையிலும் உண்டு, தெரியுமா? திராட்சை எங்கே என்கிறீர்களா? அதற்கும் மன்னாரிடம் ஒரு பதில் இருக்கிறது. பொறுங்கள்!

மன்னார்த் தீவின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 26 கிலோமீட்டர்தான்! மலை இல்லை, மேடு இல்லை. எங்கே நின்றாலும் கடல் மட்டத்துக்கு மேலே சில மீட்டர்தான் இருப்பீர்கள். கியர் இல்லாத பழைய ரலி சைக்கிளிலேயே மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வரை போய்விடலாம்.

அப்படியானால் சுலபம் என்று நினைத்தீர்களா? அங்கேதான் காற்று காத்திருக்கிறது! சோளகம் அடிப்பது தென்மேற்கிலிருந்து. வாடை வருவது வடகிழக்கிலிருந்து. தீவோ தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீட்டிப் படுத்திருக்கிறது. அதனால் எந்தப் பருவத்தில் போனாலும் காற்று விலாவில்தான் இடிக்கும்! போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று என்ற சைக்கிள்காரர் கணக்கு இங்கே எடுபடாது. போகையில் இடது தோளில் அறைந்த சோளகம், வருகையில் வலது தோளில் அறையும்!

அந்தக் காற்றைச் சும்மா விட்டார்களா? தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன! 'தம்பபவனி' என்று பெயர். 2020 டிசம்பரில் திறந்தார்கள். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். சுழலும் இறக்கை வட்டத்தின் விட்டம் மட்டும் 126 மீட்டர்! ஒரு காற்பந்து மைதானத்தை நிமிர்த்தி வைத்துச் சுற்றினால் எப்படியிருக்கும்? அப்படி! ஊர்க்காரர் எல்லோருக்கும் இதில் மகிழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். பறவைகளின் வழியையும் கரையின் மணலையும் காப்பாற்றச் சொல்லி 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள்.

தீவுக்குள் நுழைவதே ஓர் அதிசயம், தெரியுமா? பெருநிலத்தையும் தீவையும் இணைப்பது சுமார் 3 கிலோமீட்டர் நீளத் தாம்போதி. அங்கிருந்த பழைய பாலம் 1990இல் போரில் தகர்ந்தது. புதுப் பாலம் வந்தது 2010இல்! இருபுறமும் முழங்கால் ஆழ நீர். பருவத்தில் போனால் ஹாண்டிலைப் பிடித்தபடியே பூநாரை பார்க்கலாம்! அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 4,800 ஹெக்டேருக்கும் மேல். உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2010இல் ஏறிய நிலம் அது. குளிர்காலத்தில் அங்கே இறங்கும் நீர்ப்பறவைகள் எத்தனை? 20,000க்கும் மேல்! இவற்றில் ஊசிவால் வாத்துகள் ஆசியாவின் வடகோடியிலிருந்து பறந்து வருகின்றன. நாம் 26 கிலோமீட்டருக்கே மூச்சு வாங்குகிறோம்!

மன்னார் வீதியில் யாருக்கு முதல் உரிமை, தெரியுமா? கழுதைக்கு! அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று ஊரில் சொல்லும் கழுதைகள், இன்று உரிமையாளர் இல்லாமல் நகரெங்கும் திரிகின்றன. பஸ் நிலையம், கோவில் வாசல், நடுச்சாலை, எங்கும் அவைதான். எவ்வளவு மணி அடித்தாலும் நகராது. அடிபட்ட கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையமும் இருக்கிறது! 'பிரிட்ஜிங் லங்கா' என்ற தொண்டு அமைப்பு நடத்துவது அது.

ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும்? பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்துக்குப் பத்துப் பேர் கைகோத்தாலும் போதாது! அதன் சுற்றளவு 19.5 மீட்டர். உயரமோ 7.5 மீட்டர்தான்! உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு இடுப்பு! ஆப்பிரிக்க மரம் இது. இதையும் அரபு மாலுமிகள்தான் கொண்டுவந்து நட்டார்கள் என்கிறார்கள். வயது பல நூறு ஆண்டு. நகரிலிருந்து சைக்கிளில் சில நிமிடம்தான்.

கோட்டையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மூன்று கொடி ஏறி இறங்கிய கோட்டை!

அடுத்து மேற்கே, தலைமன்னாருக்கு. வழியில் பேசாலை. மீனும் கருவாடும் மணக்கும் ஊர். இங்கே 1974இல் எண்ணெய் தேடிச் சோவியத் உதவியோடு பூமியைத் துளைத்தார்கள், தெரியுமா? எண்ணெய் கிடைக்கவில்லை. ஆனால் 2011இல் மன்னார்க் கடலடியில் எரிவாயு கிடைத்தது!

சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு வரை போன காலம் தெரியுமா? 1914இல் தொடங்கியது அது! தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்றால் அன்று தெரியாதவர் இல்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அள்ளிக்கொண்டு போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, 1980களில் போர் அதையும் நிறுத்தியது. தலைமன்னாருக்கு ரயில் மறுபடி வந்தது 2015 மார்ச்சில்! கப்பல் மட்டும் வரவில்லை. துருப்பிடித்த பழைய இறங்குதுறைக் கால்கள் இன்னும் கடலில் நிற்கின்றன. பக்கத்திலேயே 1915ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம்.

இங்கிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மணல்திட்டும் சுண்ணாம்புத் திட்டுமாக ராமர் பாலம்!

இந்தக் கடலையும் சைக்கிளையும் ஒரே ஆள் வென்றிருக்கிறார், தெரியுமா? வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன்! 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய், நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம்! அத்தோடு விட்டாரா? 1979இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். எவ்வளவு நேரம்? 187 மணிக்கும் மேல்! ஏழு நாள் தாண்டி எட்டாம் நாள்! எவ்வளவு தூரம்? 1,487 மைல், அதாவது கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர்! மன்னார்த் தீவின் நீளத்தைத் தொண்ணூறு தடவைக்கு மேல் ஓடிய கணக்கு. 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. இந்த மனிதரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் கட்சி.

தலைமன்னாரிலிருந்து மதவாச்சி போகும் ஏ14 நெடுஞ்சாலையில் மிதிக்கிறோமே, அந்தத் திசையில் முன்பு யார் போனார்கள் தெரியுமா? தமிழ்நாட்டிலிருந்து படகில் வந்து இறங்கிய தொழிலாளர்கள்! 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காக வந்தவர்கள். சைக்கிளில் இல்லை, கால்நடையாக! காடு வழியே மாத்தளை வரை. காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 200 ஆண்டு நினைவாக 2023இல் அவர்கள் வழிவந்த மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். ஜூலை 28 புறப்பட்டு ஆகஸ்ட் 12 போய்ச் சேர்ந்த அந்த நடை 16 நாள், 250 கிலோமீட்டருக்கு மேல்! அதே சாலையில் ஆசனம் வலிக்கிறது என்று முனகலாமா?

இப்போது திராட்சைக்கு வருவோம். தாம்போதி தாண்டிப் பெருநிலம் ஏறினால் திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவிக் கரைக் கோவில். அதைச் சுற்றிய மண்ணுக்குள்தான் மாதோட்டத் துறைமுகம் புதைந்து கிடக்கிறது. 1980களில் தோண்டினார்கள், போர் வந்து நிறுத்தியது. போர் ஓய்ந்ததும் மறுபடி தோண்டினார்கள். என்ன கிடைத்தது தெரியுமா? கோதுமை மணிகள், கி.பி. 100 முதல் 200க்குள்! மிளகு, கி.பி. 600 முதல் 700க்குள்! அப்புறம், கி.பி. 650க்கும் 800க்கும் இடைப்பட்ட திராட்சை விதை!

ஆமாம், திராட்சை! கோதுமையும் திராட்சையும் அன்று இங்கே விளைந்தவை இல்லை. அரபு நாட்டிலிருந்தோ ரோமர் உலகிலிருந்தோ கப்பலேறி வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கமார்க்கின் சைக்கிள்காரர் திராட்சைத் தோட்டத்தைத் தேடிப் போகிறார். மன்னாருக்குத் திராட்சை தானே வந்திருக்கிறது, ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே!

இன்னொன்று. அதே குழியில் ஒரே ஒரு கிராம்பு! கி.பி. 900 முதல் 1100க்குள் வந்தது. ஆசியாவில் அகழாய்வில் கிடைத்த மிகப் பழைய கிராம்பு இதுதான் என்று 2018இல் அறிவித்தார்கள். அன்று கிராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். கடல்வழியே சுமார் 7,000 கிலோமீட்டர்! யாருடைய கறிச்சட்டிக்குப் போகவேண்டியது தவறி விழுந்ததோ!

சரி, மன்னாரின் சொந்தத் தோட்டம் எது? பனந்தோப்பு! பாளையைச் சீவி முட்டி கட்டினால் போதும், ஈஸ்ட் வாங்கிப் போடவேண்டாம், காற்றிலுள்ளதே நொதிக்க வைத்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிக்கும் கருப்பநீர், தடவாவிட்டால் கள்! பனைக்கு 801 பயன் என்று 'தால விலாசம்' என்ற நூல் கணக்குச் சொல்கிறது. ஒடியல், பனாட்டு, பனங்கட்டி, வேலி, கூரை, விட்டம்... எண்ணிக்கொண்டே போகலாம். தவறணையில் பனையோலைப் பிளாவில் ஒரு மிடறு குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குப்பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள்.

தெற்கே வங்காலை தாண்டி அரிப்புக்குப் போனால் கடலோரம் ஓர் இடிந்த மாளிகை. ஊரார் சொல்வது அல்லிராணிக் கோட்டை. உண்மையில் கட்டியது யார் தெரியுமா? இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடரிக் நோர்த்! 1801 முதல் 1804 வரை. எதற்கு? முத்துக்குளிப்பை மேற்பார்க்க! 1905இல் இந்தக் கரையில் ஒரே பருவத்தில் அள்ளிய சிப்பி எவ்வளவு? 8 கோடிக்கும் மேல்! மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரிக்கும் 'கடற்கட்டி' ஒருவர் கூடவே இருந்தார். அவர் வராவிட்டால் யாரும் குதிக்கமாட்டார்கள்! எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, குளித்தவருக்கு ஒன்று. சுறா யாரைக் கடிக்கும் என்பதை மட்டும் பங்கு போடவில்லை.

மறு ஆண்டே, 1906இல், ஒரு லண்டன் கம்பெனி முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. நடந்தது என்ன? 1907க்குப் பிறகு சிப்பியே காணோம்! கம்பெனி மூடுவிழா! இந்த முத்துக்குளிப்பை வைத்துப் பாரிஸில் 1863இலேயே ஒரு இசைநாடகம் அரங்கேறியது, தெரியுமா? இசையமைத்தவர் பிசே. அவர் இலங்கைக்கு வந்ததே இல்லை!

நேரமிருந்தால் ஏ14 வழியே கட்டுக்கரைக்குளம். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியது. கட்டி ஒன்றரை ஆயிரம் ஆண்டு ஆகியும் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது! இன்னும் உள்ளே போனால் மடு மாதா கோவில். 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய இடம். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து வணங்கிய இடமும் அதுதான்!

புறப்படுகிறீர்களா? தை முதல் பங்குனி வரை நல்ல காலம், மழையும் ஓய்ந்திருக்கும், பறவையும் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மன்னாரில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரங்கள் அழகுதான், அவற்றின் வெள்ளை முள் எந்த டயரையும் விடாது! இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்பு, நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கழுதை குறுக்கே நின்றால் மணி அடிக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள்!