உங்களுக்குத் தெரியுமா? கெட்டுப்போன சாட்சி

1833-இல் இங்கிலாந்தில் தாத்தாவின் காப்பியில் ஆர்சனிக் கலந்ததாக ஜான் போடில் மீது வழக்கு. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் நஞ்சைக் கண்டுபிடித்தார். ஆனால் சோதனையில் கிடைத்த மஞ்சள் வீழ்படிவு, நீதிமன்றத்துக்கு வருவதற்குள் கெட்டுவிட்டது. ஜூரிகள் நம்பவில்லை, போடில் விடுதலையானார்.

மார்ஷ் விடவில்லை. 1836-இல் புதிய சோதனையை வெளியிட்டார். சந்தேகப் பொருளோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால், ஆர்சனிக் இருக்கும்பட்சத்தில் ஆர்சீன் வாயு கிளம்பும் (அதுவே கொடிய நஞ்சு!). அதைக் கொளுத்திச் சுடரில் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், பளபளப்பான கருங்கறை படியும். ஜூரிகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆண்டிமனியும் இப்படித்தான் கறை விடும். ஆனால் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஆர்சனிக் கறை கரையும், ஆண்டிமனிக் கறை கரையாது. 1840-இல் பிரான்சில் கணவருக்கு நஞ்சு வைத்ததாக மேரி லஃபார்ஜ் மீது நடந்த வழக்கில், இறந்த கணவரின் உடலில் ஆர்சனிக் இருந்ததை நச்சியல் வல்லுநர் ஓர்ஃபிலா, மார்ஷ் சோதனையால்தான் காட்டினார்.