வரவில்லையா, கூட்டி வரவில்லையா?

5 வயதுப் பையன். மேல் முன்பற்கள் நான்கும் கருத்து, ஈறு மட்டத்துக்குத் தேய்ந்திருக்கும். கடைவாய்ப் பல்லுக்குக் கீழே ஈறில் சீழ்க் கொப்புளம். சோற்றை மெல்ல முடியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வான். “பால் பல்லுதானே டாக்டரம்மா, விழுந்து முளைச்சிரும்” என்பார் அப்பா.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் என்ன செய்தோம்? பல்லைப் பிடுங்கினோம், மாத்திரை எழுதினோம், இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். மறு தேதியில் பையனைக் காணோம் என்றால் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதுவோம். அத்தோடு அவன் கதை முடிந்தது. அந்தக் குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பதும் பல் டாக்டரின் வேலைதான் என எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பால் கடைவாய்ப் பற்கள் விழுவதற்கு 10, 12 வயதாகிவிடும். 5 வயதில் சொத்தை விழுந்து அப்படியே விட்டால், அந்த ஐந்து முதல் ஏழு வருஷமும் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாமே வலியோடுதான். இதை அந்த அப்பாவுக்கு உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பிரிட்டனில் இந்தப் பார்வை முன்பே மாறியது. 2000-ல் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி வீட்டுக் கொடுமையால் இறந்தாள். மருத்துவமனை, சமூகநலத் துறை, போலீஸ் என்று அவளைப் பார்த்தவர்கள் பலர். காப்பாற்றியவர் எவரும் இல்லை. அவள் சாவு குறித்து நடந்த விசாரணைக்குப் பின் குழந்தைப் பாதுகாப்பு எல்லாத் துறைக்கும் பொறுப்பாயிற்று. 2006-ல் பல் மருத்துவக் குழுவுக்கென்றே கையேடு வந்தது. 2009-ல் அங்குள்ள குழந்தைகள் பல் மருத்துவச் சங்கம், பல் புறக்கணிப்பு என்றால் என்ன என்று வரையறுத்து, மூன்று படிகளும் வகுத்தது: முதலில் குடும்பத்துக்குத் துணை நிற்பது, அடுத்து பள்ளி, செவிலியர் போன்றவர்களோடு சேர்ந்து முயல்வது, ஆபத்து என்றால் பாதுகாப்பு அமைப்பிடம் சொல்வது. பதிவேட்டுச் சொல்லும் மாறியது. ‘வரவில்லை’ போய், ‘கூட்டி வரப்படவில்லை’ என்று எழுதத் தொடங்கினார்கள். 5 வயதுப் பிள்ளை தானாக பஸ் ஏறியா வரும்?

எங்கள் பதிவேட்டிலும் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம். 7 வயதுச் சிறுமி ஒருத்தியை மூன்று தேதி கொடுத்தும் கூட்டி வரவில்லை. பள்ளிக்கூட டீச்சரிடம் விசாரித்தோம். அப்பா லாரியில் வெளியூர். வளர்க்கிற பாட்டிக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. அடுத்த வாரம் டீச்சரே கூட்டி வந்தார்.

சொத்தையைப் பார்த்ததும் பெற்றவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. கூலிக்குப் போகிற அம்மா ஒரு நாள் வேலையை விட்டால் அன்று அடுப்பு எரியாது. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்ப்பார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. வழியைக் காட்டி, கூடவே நின்ற பிறகும் பிள்ளையின் வலியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அது புறக்கணிப்பு.

நம் நாட்டில் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பொறுப்பில் இருப்பவர் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதைக் குற்றம் என்கிறது. பாலியல் குற்றமென்றால், தெரிந்தும் புகார் சொல்லாதவருக்கு 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் தண்டனை உண்டு. டாக்டருக்கும் விலக்கு இல்லை. பல் பார்க்க வரும் குழந்தையின் காதோரக் காயத்தையும், மெலிந்த கையையும், கேட்ட கேள்விக்கு அப்பா முகத்தைப் பார்க்கிற பார்வையையும் சேர்த்தே பாருங்கள் என்று இளம் டாக்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. 1098-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.