53 ஆண்டுகள், ஒரே தொகுதி... புதுப்பள்ளி கைவிடாத உம்மன் சாண்டி!

திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் சுமார் 150 கி.மீ. காரில் சில மணி நேரப் பயணம். ஆனால், 2023 ஜூலை 19 காலை உம்மன் சாண்டியின் உடலைச் சுமந்து கிளம்பிய அரசுப் பேருந்து, மறுநாள்தான் கோட்டயத்தை அடைந்தது. வழியெங்கும் மக்கள் வெள்ளம். நள்ளிரவிலும் கூட்டம் கலையவில்லை. கேரளாவில் இருமுறை முதல்வராக இருந்தவர் அவர். ஆனாலும் சொந்த ஊரான புதுப்பள்ளிக்குக் கடைசிவரை 'குஞ்ஞூஞ்ஞு'தான்!

1970-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் சிட்டிங் எம்.எல்.ஏ-வைத் தோற்கடித்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது சாண்டிக்கு வயது 26. அதன்பின் கேரளாவில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. புதுப்பள்ளி மட்டும் மாறவே இல்லை. தொடர்ந்து 12 வெற்றிகள், ஒரு தோல்விகூட இல்லை. கேரள சட்டமன்றத்தில் அதிக நாள்கள் உறுப்பினராக இருந்தவர் என்ற பெருமை பாலா தொகுதியின் கே.எம்.மாணியிடம் இருந்தது. 2022-ல் அதையும் முறியடித்தார்.

எப்படி முடிந்தது?

விடை, ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறது. எந்தப் பதவியில் இருந்தாலும் ஞாயிறு காலை புதுப்பள்ளி வீட்டில் இருப்பார். கதவு திறந்தே இருக்கும். மனுவோடு யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே போகலாம். திருவனந்தபுரம் வீட்டுக்கும் 'புதுப்பள்ளி ஹவுஸ்' என்றே பெயர் வைத்தார்.

முதல்வரானதும் அதையே மாநிலம் முழுக்க விரித்தார். அதுதான் 'ஜனசம்பர்க்க பரிபாடி' என்ற மக்கள் சந்திப்பு. மாவட்டம் மாவட்டமாகப் போய், காலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் மனு வாங்கினார். 'வில்லேஜ் ஆபீஸர் வேலையை முதல்வர் செய்வதா?' என எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த ஆபீஸில் அலைந்து களைத்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். 2013-ல் இத்திட்டத்துக்கு ஐ.நா-வின் பொதுச்சேவை விருது கிடைத்தது.

சறுக்கல்களும் உண்டு. சோலார் மோசடி விவகாரம் ஆட்சியையே உலுக்கியது. அதையொட்டி அவர்மீது எழுந்த பாலியல் புகாரில் ஆதாரமில்லை என சி.பி.ஐ சொன்னது 2022 டிசம்பரில். அப்போது அவர் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2021 தேர்தலில் வாக்கு வித்தியாசமும் 9,044 ஆகச் சுருங்கியிருந்தது.

இறுதிச்சடங்கில் அரசு மரியாதை வேண்டாம் என்பது அவரது விருப்பம். குடும்பமும் அப்படியே செய்தது. இரண்டு மாதங்களுக்குள் நடந்த இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் போட்டியிட்டார். வித்தியாசம் 37,719 வாக்குகள்!

அது அப்பாவுக்கு விழுந்த வாக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கதவு இனியும் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான், மகனுக்கான வாக்கைப் புதுப்பள்ளி முடிவு செய்யும்.