போர்வைக்குள் காற்று

மார்கழி இரவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டதும், "நல்ல சூடான போர்வை" என்கிறோம். அதே போர்வையில் ஒரு வெப்பமானியைச் சுற்றி அறையில் வைத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அது அறையின் வெப்பநிலையையே காட்டும். ஐஸ் கட்டியைச் சாக்கிலும் மரத்தூளிலும் பொதிந்து வைப்பதையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது. அவ்வளவே.

பழம் புடவைகளையும் தையற்கடை வெட்டுத் துண்டுகளையும் சேர்த்துப் போர்வை தைப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். வங்காளத்தில் இதைக் காந்தா என்பார்கள், மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலை உடுப்புகளைக் கொண்டு குளிருக்காகத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிசாலையில் வைக்கப்பட்டன. 2006-இல் அந்நாட்டு அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாகவே வெளியிட்டது. அவற்றின் அழகைப் பற்றிச் சொல்ல நான் தகுதியானவன் அல்லன். ஆனால் ஓய்வு நேரத்தில் நீங்களும் ஒரு போர்வை தைக்க விரும்பினால், பௌதிகம் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும்.

முதலில், வெப்பத்தைத் தடுப்பது எது? துணி என்று நினைப்போம். உண்மையில் இழைகளுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே அந்த வேலையைச் செய்கிறது. பருத்தி இழையைவிடக் காற்று பல மடங்கு அரிதில் கடத்தி. ஆனால் அது சும்மா இருக்காது. சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகன்ற இடைவெளி கிடைத்தால், சூடான காற்று மேலேறிக் குளிர்ந்த காற்று கீழிறங்கி, வெப்பச் சலனம் தொடங்கிவிடும். அந்த ஓட்டத்தை மறிப்பதே துணியின் பணி. கூண்டு துணி, உள்ளே அடைபட்டது காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடைகளின் வெப்பத்தடையை அளக்க 1941-இல் 'குளோ' என்ற அலகு வகுக்கப்பட்டது. 21 டிகிரி செல்சியஸ் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் குளிரில்லாமல் இருக்கத் தேவையான உடையின் தடை ஒரு குளோ. கணக்கிட்டால், அசையாத காற்று வெறும் 4 மில்லிமீட்டர் கனம் இருந்தாலே ஒரு குளோ கிடைத்துவிடும். கால் மில்லிமீட்டர் கனமுள்ள பழம் புடவையை எட்டு மடிப்பாக அழுத்தி வைத்தால் கனம் 2 மில்லிமீட்டர். தடை சுமார் கால் குளோதான். அதே மடிப்புகளுக்கு இடையே மொத்தம் 2 மில்லிமீட்டர் காற்று தங்கினால் தடை ஏறக்குறைய முக்கால் குளோ ஆகிவிடும். துணி கூடவில்லை, செலவும் கூடவில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரியான மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி அட்டையால் மூடுங்கள். சம நீளமுள்ள மூன்று பழந்துணிகளை எடுத்து, ஒன்றை இறுக்கமாகவும், ஒன்றைத் தளர்வாகவும், மூன்றாவதை நனைத்தும் சுற்றுங்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் தளர்வாகச் சுற்றிய டம்ளரே அதிகச் சூடாக இருக்கும். நனைந்த துணி சுற்றியது நன்றாக ஆறிப்போயிருக்கும். காற்று இருந்த இடத்தை அதைப்போல் சுமார் 24 மடங்கு வெப்பம் கடத்தும் தண்ணீர் பிடித்துக்கொண்டது. அது ஆவியாவதும் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது.

போர்வை தைப்பவரின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. அடுக்குகள் நழுவாமலிருக்கத் தையல் போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு தையலும் அந்த இடத்துக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடுகிறது. நெருக்கித் தைத்தால் போர்வை நெடுநாள் உழைக்கும், கதகதப்பு குறையும். விட்டுத் தைத்தால், நடுவில் வைத்த பஞ்சு இரண்டு சலவையில் உருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். பஞ்சுக்குப் பதில் பழைய டர்க்கி டவலை நடுவில் வையுங்கள். அதன் நூல் வளையங்கள் காற்றைப் பிடித்துக்கொள்ளும். உருண்டு ஓடவும் மாட்டா. தையல் வரிகளுக்கு இடையே ஒரு சாண் விட்டாலும் பாதகமில்லை.

நான் முதலில் தைத்த போர்வை ஒரே சலவையில் அப்பளம்போல் அங்கங்கே உப்பிக்கொண்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. தறியில் இழுத்துக் கட்டப்பட்ட பருத்தி நூல், தண்ணீர் பட்டதும் பருத்து, விறைப்பு தளர்ந்து, நீளத்தில் சுருங்குகிறது. பாலியெஸ்டரோ தண்ணீரை ஏற்பதே இல்லை எனலாம். சாதாரண ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை ஏற்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதமே. பக்கத்துத் துண்டு சுருங்க, இது சுருங்காமல் நின்றால் உப்பாமல் என்ன செய்யும்? ஆகவே எல்லாத் துண்டுகளையும் முதலில் வெந்நீரில் அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். பருத்தியைப் பருத்தியோடு மட்டும் சேருங்கள்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். அழகுக்காக முக்கோணங்கள் வெட்டினேன். துணியைப் பாவு நூலின் வழியாக இழுத்தால் அதிகம் நீளாது. நூலே நீண்டாக வேண்டும். மூலைவாட்டில் இழுத்தால் எளிதில் நீளும். ஏனெனில் நூல் நீள வேண்டியதில்லை, பாவுக்கும் ஊடைக்கும் இடையிலுள்ள கோணம் மாறினால் போதும். நான்கு குச்சிகளை முனைகளில் கட்டிய சதுரம் சாய்சதுரமாவது போலத்தான். முக்கோணத்தின் ஒரு பக்கமாவது இப்படிக் 'கிராஸ்' ஆக அமைந்துவிடும். தையல் இயந்திரத்தின் பற்கள் அதை இழுத்து நீட்டிவிடும். சதுரங்களோடு தொடங்குவதே நல்லது. துணிக்கடையில் சிறு வெட்டுப் போட்டுக் கையால் கிழிக்கிறார்களே, அதுபோலக் கிழித்தால் ஓரம் நூலோடு நேராக வரும். முக்கோணம்தான் வேண்டுமென்றால் கெட்டியாகக் கஞ்சி போட்டு வெட்டுங்கள். கஞ்சி நூல்களைச் சந்திப்புகளில் ஒட்டிக் கோணம் மாறாமல் காக்கும்.

150 செ.மீ. அகலம், 210 செ.மீ. நீளமுள்ள போர்வைக்குத் தைத்தபின் 15 செ.மீ. இருக்கும் சதுரங்கள் 140 வேண்டும். தையலுக்கு நான்கு ஓரத்திலும் 6 மில்லிமீட்டர் விட்டு, 16.2 செ.மீ. ஆக வெட்டுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்துவிட்டால் 14 துண்டுள்ள வரிசை 28 மில்லிமீட்டர் குறைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், எல்லா வரிசையிலும் அதே தவறைச் செய்தால் கெடுதல் இல்லை. போர்வை கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். ஒரு வரிசையில் தவறி அடுத்ததில் சரியாகத் தைத்தால்தான் மூலைகள் பொருந்தா. எனவே ஒரே போர்வையை இருவர் பங்கிட்டுத் தைக்காதீர்கள்.

தைத்து முடித்ததும் ஒருமுறை அலசி, நிழலில் போடாமல் நல்ல வெயிலில் இருபுறமும் காய விடுங்கள். மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும். நடு அடுக்கில் ஈரம் நிற்கும். காய்ந்தபின் நன்றாக உதறி, மடிப்புகளுக்குள் காற்று புகவிட்டு மடித்து வையுங்கள். மேலே பாரம் எதையும் வைக்க வேண்டாம்.