பாதியில் நின்ற மயில்: பனியன் துணியில் கை எம்பிராய்டரி ஏன் சுருங்குகிறது?

போன தீபாவளிக்கு முன்னாடி பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு தகர பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே மர ரிங், நாலைந்து நூல் கண்டு, துருப்பிடித்த ஊசி. அடியில் மடித்து வைத்த வெள்ளை பனியன் துணி. விரித்தால் ஒரு மயில். கழுத்தும் உடம்பும் சங்கிலித் தையலில் முடிந்திருந்தது. தோகை வெறும் நீலக் கார்பன் கோடு. கழுத்தைச் சுற்றித் துணி அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

அம்மாவிடம் காட்டினேன். "உனக்கு ஒரு வயசு ஆகறப்ப சட்டை தைக்கலாம்னு ஆரம்பிச்சேன் கண்ணு. சுருங்கிப் போச்சு. எனக்குக் கை வராதுன்னு எடுத்து வச்சுட்டேன். அப்புறம் கம்பெனிக்குப் போயிட்டேன்."

அது 1990ஐ ஒட்டிய காலம். திருப்பூரில் ஏற்றுமதி சூடுபிடித்து, ஒன்றரை ஷிப்ட் சாதாரணமாகியிருந்தது. கைமடியாகச் சேர்ந்து, பிறகு செக்கிங்குக்குப் போய், இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் தையலில் குறை கண்டுபிடித்தவர் அம்மா. அவரே "எனக்குக் கை வராது" என்று சொன்னது எனக்கு என்னமோ போல் இருந்தது. நானும் ஒரு கார்மெண்ட்ஸில் குவாலிட்டியில்தான் இருக்கிறேன். அந்த நெளிவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தப்பு கையில் இல்லை, துணியில்.

கொஞ்சம் விளக்குகிறேன். வேட்டி, பாப்லின், காடா எல்லாம் நெய்த துணி. பாவு நெடுக்கே, ஊடை குறுக்கே, இரண்டும் ஏறக்குறைய நேராக ஓடும். பிடித்து இழுத்தால் பெரிதாக நகராது. பின்னல் துணி அப்படியில்லை. ஒரே நூல் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு போகிறது. இழுத்தால் நூல் நீளுவதில்லை, வளையம்தான் வடிவம் மாறுகிறது. அதனால்தான் பனியன் உடம்போடு வளைந்து கொடுக்கிறது. சிங்கிள் ஜெர்சி குறுக்கே நன்றாக இழுபடும், நெடுக்கே குறைவு.

எம்பிராய்டரி நூல் வளையாத சாதி. இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு தையல் போட்டால் அந்த இடத்தின் அளவைப் பூட்டுப் போட்ட மாதிரி நிறுத்திவிடும். இங்கேதான் இரண்டு நேரெதிர் தப்புகள் வருகின்றன. ரிங்கில் முரசுத் தோல் மாதிரி இழுத்து மாட்டித் தைத்தால், கழற்றியதும் சுற்றியுள்ள துணி பழைய அளவுக்குத் திரும்பும், தைத்த இடம் மட்டும் விரிந்த அளவிலேயே நிற்கும். ஓரம் நெளியும். ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுத்தாலோ வளையங்கள் கூடிக் கொசுவம் விழும். அம்மா இரண்டையும் செய்திருந்தார், நெய்த துணியில் பழகிய யாரும் அப்படித்தானே செய்வார்கள்! பக்கத்து நீலகிரியில் தோடர்கள் போடும் எம்பிராய்டரிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் கோடே வரைவதில்லை, துணியின் இழையை எண்ணிப் போடுகிறார்கள். பின்னல் துணியில் அப்படி எண்ண நேர் இழையே கிடையாது.

மூன்றாவதாக ஒன்று. அந்தத் துணி கட்டிங் வேஸ்ட், தண்ணீரே பார்க்காதது. பின்னல் துணி முதல் துவைப்பில் நெடுக்கே சுருங்கும், மேலே உள்ள நூல் அந்த அளவு சுருங்காது. (இப்போது காம்பேக்டிங் போட்டுச் சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம்.)

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட்டில் டிசர்ட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பேப்பர் வைப்பார்கள், பார்த்திருக்கலாம். அது நான்-ஓவன். துணி நகராமல் பிடிப்பதுதான் அதன் வேலை. தைத்தபின் கிழித்து எடுக்கிற வகையும் உண்டு, கத்தரித்துவிட்டு உள்ளேயே விடுகிற வகையும் உண்டு. பின்னலுக்கு இரண்டாவதுதான் நல்லது, துவைத்த பிறகும் பிடித்துக்கொண்டிருக்கும். கூடவே பால்பாயிண்ட் ஊசி. சாதாரணக் கூர் ஊசி வளையத்தை அறுத்துவிட்டால் அங்கிருந்து ஓட்டை ஓடும். எங்கள் பாஷையில் நீடில் கட்டிங்.

ஊசி விட்டுப்போன துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டு அலசினேன். பிளீச்சிங் பக்கம் போகவே கூடாது. இரும்பு இருக்கிற இடத்தில் அது பருத்தியையே அரித்துவிடும். சிவப்பு நூல் சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தும் பார்த்துக்கொண்டேன்.

பெரிய தலைவலி நீல நூல். கண்டில் லேபிள் இல்லை, நம்பர் தெரியாது. கடை டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்திய நீலம் வாசல் வெயிலில் பச்சையடித்தது. வேறு வேறு சாயக் கலவை ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். இதற்காகத்தான் லேபில் லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். சரி, எதோடு பொருத்துவது? முன்பக்கம் மடிப்பில் வெளுத்திருந்தது, பின்பக்கம் அப்படியே பளிச். பின்பக்கத்தோடு பொருத்தினேன்.

இவ்வளவும் செய்தது தோகையை மட்டும் முடிக்கலாம் என்றுதான். கழுத்தைத் தொடக் கூடாது, அது அம்மாவின் இருபத்து மூன்று வயசுக் கை என்பது என் கட்சி. இதற்கு ஆதாரமாக பிரான்ஸ் கதை வேறு சொன்னேன். பாயோ நகருக்குரிய, சுமார் 70 மீட்டர் நீளத்தில் ஒரு 11ஆம் நூற்றாண்டு எம்பிராய்டரி இருக்கிறது, லினன் துணியில் கம்பளி நூல். இங்கிலாந்தை வில்லியம் பிடித்த கதை. அதன் கடைசிப் பகுதி காணாமல் போய்விட்டது. ஆல்டெர்னி என்ற குட்டித் தீவின் மக்கள் அந்த முடிவைத் தைத்தார்கள், ஆனால் தனித் துணியில். மூலத்தில் கை வைக்கவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கழுத்துத் தையல் மொத்தமும் பிரித்து டப்பா மூடியில் கிடக்கிறது. பழைய நூல் கத்தரியை எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறார்.

"என்னம்மா இது?"

"இப்படி நெளிஞ்ச பீஸ் வந்தா உங்க கம்பெனியில பாஸ் பண்ணுவியா?"

பதில் சொல்ல முடியவில்லை. துணியை அலசிக் காய வைத்து, அடியில் பேப்பர் வைத்து, ரிங்கைத் தளர்வாக மாட்டிக் கொடுத்தேன். ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்துக் கோத்தார். கண்புரை ஆபரேஷன் ஆன கண், பகல் வெளிச்சத்தில் மட்டும் தினம் ஒரு மணி நேரம். கழுத்து முதலிலிருந்து, பிறகு உடம்பு, பிறகு தோகை. பொங்கலுக்கு முந்தின வாரம் முடிந்தது. ரிங்கைக் கழற்றி மேஜையில் போட்டு உள்ளங்கையால் நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். செக்கிங் டேபிளில் தடவுகிற அதே தடவல். எங்கும் நெளிவு இல்லை.

"அப்ப கை நல்லாத்தான் இருந்திருக்குது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேப்பரு இன்னும் ஒரு மீட்டர் கிடைக்குமா?"