நிலாவெளிப் பக்கம் ஒரு 1548

உள்ளூர் வானொலி என்றால் மரண அறிவித்தல், நேயர் விருப்பம், மீனவருக்கான வானிலை என்று ஒரு முகம் இருக்கும். திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கக் கரையோரத்தில் 1980களில் எழுந்த நிலையத்துக்கு அந்த முகம் இருக்கவில்லை. ஜேர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டொயிச்ச வெல்ல கட்டிய அஞ்சல் நிலையம் அது. நிகழ்ச்சி ஜேர்மனியில் தயாராகும். இங்கே அதை வாங்கி, பெருக்கி, மறுபடி வானில் விடுவார்கள். 400 கிலோவாட் மத்திய அலைக் கருவி 1548 கிலோஹெர்ட்சில் பேசியது. கூடவே 250 கிலோவாட் சிற்றலைக் கருவிகளும் இருந்தன.

கடலோரத்தில் வைத்ததன் பலனைப் பௌதிகத்தில்தான் பார்க்க வேண்டும். 1548 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 194 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை பூமியின் வளைவை ஒட்டியே ஊர்ந்து போகும். வறண்ட மண் அதன் சக்தியை உறிஞ்சிவிடும். உப்புநீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதிகம் உறிஞ்சாது. தரையில் சீக்கிரமே தேய்ந்துபோகும் குரல் கடல்மேல் பல மடங்கு தூரம் போகும்.

அது பகல் கதை. இரவில் வானமே வேறு. சூரிய ஒளி 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்றை மின்னேற்றி வைக்கிறது; மேலே ஏறும் மத்திய அலையை அந்த அடுக்கு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைகிறது. அதற்கும் மேலே, இரவிலும் மின்னேற்றம் முற்றாக மறையாத அடுக்குகள் அலையைப் பூமிக்கு வளைத்துத் திருப்புகின்றன. பல பாதைகளில் திரும்பும் அலைகள் ஒரே ரேடியோவில் சந்தித்து ஒருகணம் கூடும், மறுகணம் ஒன்றையொன்று அழிக்கும். இரவுக் கேட்பில் குரல் ஏறி இறங்குவது அதனால்தான். பெட்டியைத் தட்டிப் பயனில்லை.

ஆக இத்தகைய நிலையத்தில் எந்த மொழி எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் என்பதைச் சூரியனைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சிற்றலை அட்டவணைகள் பருவத்துக்குப் பருவம் மாறியதும் அதனால்தான்.

இவ்வளவு தூரம் எட்டும் கருவி அண்டை நாட்டுக்கு உறுத்தாமல் இருக்குமா? 1987 ஜூலை 29இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தோடும் எண்ணெய்க் குதங்களோடும் அந்நிய ஒலிபரப்பு நிலையங்களும் இடம்பெற்றன. அவை பொது ஒலிபரப்புக்கு மட்டுமே, இராணுவ, உளவு வேலைக்கு அல்ல என்பதை உறுதிசெய்ய ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்படும் என்றது இலங்கை.

கடைசியில் இந்த நிலையத்தின் போக்கை மாற்றியது அரசியலைவிடச் செலவுக்கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. இணையமும் செய்மதியும் வந்தபின் டொயிச்ச வெல்ல 2011இல் சிற்றலையைப் பெருமளவு வெட்டியது. பிறகு நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அதன்பின் வெளிநாட்டு மத ஒலிபரப்பாளர்களும் அதில் நேரம் வாங்கினார்கள். செய்தி போய்ப் பிரசங்கம் வந்தது. உப்புநீரும் இரவு வானமும் இரண்டையும் ஒன்றுபோலவே சுமந்தன.