இரண்டு குசினி வீடுகள்

வன்னி மனைகள் – 11

சென்ற வாரம் கிணற்றடியைப் பார்த்தோம். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் குசினி.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுத்திட்ட வீடொன்றுக்குப் போனால் பல இடங்களில் இரண்டு குசினி இருக்கும். கல்வீட்டுக்குள் ஒன்று, பின்வளவில் தகரமோ கிடுகோ போட்டு இறக்கியது இன்னொன்று. உள்ளே சீமெந்துத் திட்டில் காஸ் அடுப்பு, கண்ணாடிக் கோப்பைகள், விருந்தாளிக்கு எடுக்கும் தட்டுகள். சோறும் கறியும் வேகிறது வெளியே. உப்பு வெளியே, மிளகாய்த்தூள் உள்ளே. அகப்பை வெளியே, அரிக்கன்சட்டி உள்ளே. கறி கொதிக்கிற நேரத்தில் படி ஏறி இறங்குகிற பெண்ணின் முழங்கால்தான் இதையெல்லாம் சுமக்கிறது. குசினி ஏன் ஒதுங்காமல் கிடக்கிறது என்று வீட்டுக்காரர் கேட்பார். சோம்பல் காரணமில்லை. அடுப்பு ஓரிடம், சாமான் ஓரிடம் என்று கிடந்தால் எந்தக் குசினியும் ஒதுங்காது.

பழைய வன்னி வீட்டில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. குசினி தனிக் கொட்டில். இடுப்பளவு மண்சுவர், அதற்கு மேலே புகை போகத் திறப்பு, சாணம் மெழுகிய நிலம். அடுப்பின் பக்கத்தில் புகடு. இறக்கிய சட்டி அங்கே இருக்கும். அடுப்புக்கு மேலே பரண். விறகும் விதைக்கு வைத்த கதிரும் புகையில் காயும், பூச்சி அண்டாது. உறியில் தயிர்முட்டி. சுளகும் நீத்துப்பெட்டியும் சுவரில். பலகையில் குந்தியிருக்கிறவளின் கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தன. அது பல தலைமுறை சமைத்துச் சமைத்துக் கண்ட ஒழுங்கு.

அந்த ஒழுங்கைப் போர் குலைத்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தவித்தோம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சமைத்து, சாம்பலும் தென்னம்பொச்சும் கொண்டு சட்டி தேய்த்தோம். 2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே நகர்ந்தபோது, தூக்கக்கூடிய சட்டி பானைதான் குசினி என்றாகியது. கடைசியில் கஞ்சிக்கு ஒரு பானை. பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்து வாசலில் மூன்று கல். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

இதனால்தான் எங்கள் குசினிகளில் வெறும் பேணியும் போத்தலும் ஐஸ்கிறீம் பெட்டியும் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவளுக்கு ஒரு பேணியை எறிய மனம் வராது. எறி என்று சொல்ல எனக்கும் மனமில்லை. ஒன்று மட்டும் செய்யலாம். மூடி உள்ளதெல்லாம் குசினிக்கு, மூடி இல்லாததெல்லாம் நாற்றுப்போட வளவுக்கு. குவியல் பாதியாகும்; எதையும் இழந்ததாக இராது.

மீள்குடியேறியவர்களுக்குக் கிடைத்த திட்டங்களில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகள். பெரும்பகுதிக்கான வேலை 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கியது. வடக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பகுதி பகுதியாக. சீமெந்தும் மணலும் விலையேற, பல குடும்பங்கள் கடன்பட்டே கூரை போட்டன. அப்படிக் கட்டும்போது குசினி வேலை கடைசிக்குத் தள்ளப்படும். தட்டு அடிக்காமல், புகைக்கூடு முடியாமல் நின்ற குசினிக்குள் விறகு எரித்தால் புதுச்சுவர் கறுக்கும், கண் எரியும். அடுப்பு வெளியே போனது இப்படித்தான்.

வீட்டுத்திட்டத்தோடு குசினியையும் யோசித்த ஒருவரைச் சொல்ல வேண்டும். மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். முதலாம் உலகப்போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்துக்கு 1926இல் அவர் வரைந்த குசினி, ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்டது. அகலம் இரண்டு மீற்றர்கூட இல்லை. சமைக்கிறவள் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்து அடுப்பையும் தொட்டியையும் மேசையையும் வைத்தார். பருப்புக்கும் சீனிக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பேணிகள். மாவுக்கு மட்டும் புழுப் பிடிக்காத ஓக் மரப்பெட்டி. விறகு எரிக்கிற எங்களுக்கு அவருடைய வரைபடம் பொருந்தாது. அவர் பார்த்த நடைக்கணக்கு பொருந்தும்.

ஆகவே முதலில் எது உங்கள் குசினி என்று முடிவெடுங்கள். அன்றாடம் வெளியே சமைத்தால் வெளிக்குசினிதான் குசினி. அதற்கு வெட்கம் தேவையில்லை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாவுக்குப் போனபோது, கொழும்பிலும் விறகுதான் தேடினார்கள். உள்ளே இருப்பதைச் சாமான் அறையாக்குங்கள். அரிசி மூட்டை, தேங்காய், இடித்து வைத்த தூள், நாள்பெருநாளுக்கு எடுக்கும் பெரிய சருவங்கள் உள்ளே. தினமும் கைபடுவதெல்லாம் வெளியே.

வெளியே வைப்பதற்கு வலை அடித்த சின்ன அலுமாரி ஒன்று போதும். கால்களைத் தண்ணீர் விட்ட சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தண்ணீரைக் கிழமைக்கு ஒருதரமாவது மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும். மிளகாய்த்தூள் பெரிய போத்தல் உள்ளே இருக்க, கிழமைக்குக் காணுமளவு சின்னப் போத்தலில் வெளியே எடுங்கள். ஈரக்கரண்டி படக்கூடாது, கொதியாவி அடிக்கும் இடத்திலும் வைக்கக்கூடாது. அரிசி மூட்டைக்குக் கீழே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மாரியில் சீமெந்துச் சுவர் ஈரம் இழுக்கும். புது அரிசியைப் பழையதன் மேல் கொட்ட வேண்டாம்.

விறகு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. பாலையோ வீரையோ, ஒக்டோபர் மழைக்கு முன்னரே கொத்தி அடுக்கிவிட வேண்டும். ஆனால் குசினி மூலையில் அடுக்கக்கூடாது. அங்கே தேளும் புடையனும் குடியிருக்கும். நிலத்தில் படாமல் தனியாக ஓர் இறக்கு. குசினிக்குள் அன்றைய விறகு மட்டும்.

புகை போக வழியும் வேண்டும். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. குளிர் என்று வெளிக்குசினியின் நாலு பக்கமும் தகரம் அடித்து மூடுகிறவர்கள், மேல்பாதியையாவது திறந்து விடுங்கள்.

வீட்டுத்திட்டங்களுக்கு வரைபடம் போடும் அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். குசினியை வரையுமுன் அந்தக் கிராமத்துப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, அடுப்பு எங்கே வேண்டும், விறகு எங்கே வேண்டும் என்று கேளுங்கள். புகைக்கூட்டுக்கான பணத்தைக் கடைசிப் பகுதிக்கு வைக்காமல் முதலிலேயே கொடுங்கள்.